பெயர், முகவரி, பதிவேடு: தெல்தோட்டைத் தோட்டங்களும் கணினி வலையமைப்பும் – ஒரு வரலாற்று நோக்கு

சமூக வரலாற்றாய்வாளர் பதிவேடுகளைப் பெரும்பாலும் சான்றுகளாகவே கொள்வர். ஆனால், பதிவேடு என்பது தன்னளவில் ஒரு சமூக நிறுவனமுமாகும். யாருடைய பெயர் எழுதப்படுகின்றது, எந்த முகவரியுடன் அது இணைக்கப்படுகின்றது, எழுதவும் அழிக்கவும் உரிமை பெற்றவர் யார் என்னும் மூன்று வினாக்களும் ஒரு சமுதாயத்தின் அதிகார உறவுகளைத் தெளிவாகக் காட்டவல்லன.

இவ்வினாக்களை இரு களங்களில் வைத்து ஆராய இக்கட்டுரை முற்படுகின்றது. ஒன்று, கண்டிக்குத் தென்கிழக்கே அமைந்த தெல்தோட்டையும் அதனைச் சூழ்ந்த பெருந்தோட்டங்களும். மற்றையது, கணினி வலையமைப்பில் பெயரையும் முகவரியையும் தானாக வழங்கும் சேவைகள். இவ்விரண்டையும் ஒருங்கு வைத்து நோக்குவது சிலருக்கு வியப்பாகத் தோன்றலாம். மனிதரும் பொறிகளும் ஒன்றென நாம் கருதவில்லை. இடம் மாறும் உறுப்பினரைப் பெயரால் கண்டறிவது எவ்வாறு என்னும் ஒரே நிருவாகப் பிரச்சினை இரு களங்களிலும் எழுந்தது. ஒரு களத்தில் அது சில பத்தாண்டுகளில் தீர்க்கப்பட்டது. மற்றையதில் ஒன்றரை நூற்றாண்டாக முற்றாகத் தீர்க்கப்படாது உள்ளது. இவ்வேறுபாட்டின் காரணம் தொழில்நுட்பத்தில் இல்லை என்பதே எமது முடிபாகும்.

1. தகரத்தில் எழுதிய முகவரி

தெல்தோட்டையை அடுத்துள்ள லூல்கந்துர தோட்டத்தில் ஸ்கொத்லாந்தைச் சேர்ந்த ஜேம்ஸ் ரெயிலர் 1867இல் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டார். இலங்கையின் வணிகரீதியான தேயிலைச் செய்கை இதிலிருந்தே தொடங்குகின்றது என்பர். 1869இல் பரவத் தொடங்கிய இலைநோய் கோப்பிச் செய்கையை அழிக்க, மலைச்சரிவுகள் படிப்படியாகத் தேயிலைக்கு மாறின. கோப்பிக்குப் பருவகாலத் தொழிலாளர் போதுமாயிருந்தனர். தேயிலைக்கோ ஆண்டு முழுவதும் கொழுந்தெடுக்கும் நிலையான தொழிலாளர் படை தேவைப்பட்டது. ஆகவே, தமிழகத்திலிருந்து வந்தோர் குடும்பங்களாக லயங்களில் குடியமர்த்தப்பட்டனர். ரெயிலரின் பெயரும் அவர் பயிரிட்ட ஆண்டும் ஏக்கர்க் கணக்கும் வரலாற்று நூல்களில் இடம்பெற்றன. அந்நிலத்தைத் திருத்தியோரின் பெயர்கள் தோட்டக் கணக்கேடுகளுக்கு அப்பால் செல்லவில்லை.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நடைமுறைக்கு வந்த தகரச் சீட்டு முறை இங்குக் கருதத்தக்கது. தோட்டத்தையும் ஆளையும் குறிக்கும் இலக்கங்கள் பொறித்த சிறு தகரத் தகடு ஒவ்வொரு தொழிலாளிக்கும் வழங்கப்பட்டது. பயணச் செலவு தோட்டத்தின் கணக்கில் எழுதப்பட்டு, பின்னர்த் தொழிலாளியின் கடனாகியது. முகவரி எழுதிய பொதி போன்று மனிதர் தோட்டத்திற்கு அனுப்பப்பட்டனர். வந்து சேர்ந்தபின் அவர்கள் எளிதில் வெளியேறாவண்ணம் துண்டு முறை தடுத்தது. கடனைத் தீர்த்தால் இன்னாரை விடுவிக்கச் சம்மதம் என்று துரை எழுதித் தரும் துண்டின்றி வேறு தோட்டம் ஏற்றுக்கொள்ளாது. 1921ஆம் ஆண்டின் சட்டத்தினால் துண்டு முறை ஒழிக்கப்பட்டது. எனினும், ஆளின் இடமாற்றத்தைப் பதியும் உரிமை ஆளிடம் இன்றித் தோட்டத்திடமே இருக்கும் நிலை அதனோடு முடிவுறவில்லை.

மலையகப் பேச்சுவழக்கு இவ்வுறவை நுட்பமாகப் பதிந்து வைத்துள்ளது. அங்குப் ‘பேர்’ என்பது ஒரு நாள் வேலைக்கான கணக்கு. பிரட்டுக்களத்தில் ஆள் சேர்ந்து, குறித்த அளவு வேலை முடித்தால் செக்ரோலில் பேர் விழும். குறைந்தால் அரைப்பேர் விழும். ஒருவரின் பெயர் அவருடைய உழைப்பு நாளுக்கான பெயராகவே சுருங்கியதனை இச்சொல்வழக்கு உணர்த்துகின்றது. பேர் போடுபவர் கணக்கப்பிள்ளை. ஏடு தோட்டத்துக் கந்தோரில் இருந்தது.

2. வதிவிடமும் பிரசாவுரிமையும்

முகவரி கடிதத்திற்கு மட்டும் உரியதன்று என்பதனை 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டமும், 1949ஆம் ஆண்டின் 3ஆம் இலக்க இந்திய பாகிஸ்தானிய வதிவாளர் சட்டமும் உணர்த்தின. பின்னைய சட்டத்தின்கீழ் விண்ணப்பித்தவர், மணமானவராயின் 7 ஆண்டும் மணமாகாதவராயின் 10 ஆண்டும் இடையறாது இந்நாட்டில் வதிந்தமையை நிறுவ வேண்டியிருந்தது. தன் பெயரால் முகவரியற்ற ஒருவர், தான் இருந்த இடத்தைத் தன் பொறுப்பில் இல்லாத ஏடுகளைக் கொண்டே நிறுவவேண்டிய முரண்பாடு இங்கு எழுந்தது. 8 இலட்சத்துக்கும் மேற்பட்டோரை உள்ளடக்கிய விண்ணப்பங்கள் செய்யப்பட்டன. அவர்களுள் ஏறத்தாழ 1 இலட்சத்து 34 ஆயிரம் பேரே பிரசாவுரிமை பெற்றனர்.

1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் எஞ்சிய 9 இலட்சத்து 75 ஆயிரம் பேரை எண்ணிக்கைகளாகவே பிரித்தது: 5 இலட்சத்து 25 ஆயிரம் இந்தியாவிற்கு, 3 இலட்சம் இலங்கைக்கு, 1 இலட்சத்து 50 ஆயிரம் பின்னர் தீர்மானிப்பதற்கு. அப்பிற்போடப்பட்ட தொகை 1974இல் இரு நாடுகளுக்கும் சமமாகப் பகிரப்பட்டது. 1988, 2003 ஆகிய ஆண்டுகளின் சட்டங்களே நாடற்றோர் நிலையைச் சட்டரீதியாக முடிவுக்குக் கொண்டுவந்தன.

பிரசாவுரிமை கிடைத்த பின்னரும் முகவரிப் பிரச்சினை நீங்கவில்லை. லயத்தின் பல காம்பராக்களுக்கும் ஒரே முகவரி: பிரிவின் பெயர், தோட்டத்தின் பெயர், தபாலகத்தின் பெயர். கடிதக் கட்டு தோட்டத்துக் கந்தோருக்குச் சென்று அங்கிருந்து பிரிக்கப்படும் வழக்கம் நெடுங்காலம் நிலவியது. ஒரே பெயருடைய இருவர் ஒரு பிரிவில் இருப்பின் கடிதம் யாருக்குரியது என்பது பகிர்ந்தளிப்பவரின் ஊகத்தைப் பொறுத்தது. பல்கலைக்கழக அனுமதி, நேர்முகத் தேர்வு, நீதிமன்ற அழைப்பு முதலிய தவணைக்குட்பட்ட கடிதங்கள் பிந்திக் கிடைப்பதன் விளைவை விளக்கத் தேவையில்லை. தெல்தோட்டைக் கடைத்தெருவிலும் அயற்கிராமங்களிலும் வாழும் சிங்கள, முஸ்லிம் மக்களுக்கும் தோட்டத் தமிழருக்கும் பொதுவான தபாற்சேவையே உண்டு. எனினும் அச்சேவை கிராமத்தில் வீட்டை நோக்கியும் தோட்டத்தில் நிருவாகத்தை நோக்கியும் சென்றது. 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டம், தோட்டக் குடியிருப்புகளுக்குச் சபை நேரடியாகச் சேவை வழங்குவதற்குத் தடையாயிருந்தது. அத்தடை 2018இலேயே திருத்தத்தின் மூலம் நீக்கப்பட்டது.

3. ஓர் ஏட்டிலிருந்து பல ஏடுகளுக்கு

இனி, இரண்டாவது களத்தை நோக்குவோம். கணினி வலையமைப்பில் ஒவ்வொரு பொறிக்கும் எண்களாலான முகவரி ஒன்று உண்டு. மனிதர் நினைவில் கொள்வது பெயரை. செய்தி செல்வது எண்ணுக்கு. ஆகவே, பெயரை எண்ணாக மாற்றித் தரும் ஏடு இன்றியமையாதது. அமெரிக்காவின் ஆர்ப்பாநெற் வலையமைப்பில் அவ்வேடு ஒரே கோப்பாக இருந்தது. எலிசபெத் ஃபெயின்லர் தலைமையிலான தகவல் நிலையம் அதனை ஸ்டான்ஃபோர்ட் ஆராய்ச்சி நிறுவனத்தில் பேணியது. புதிய பொறியைச் சேர்ப்போர் அந்நிலையத்திற்கு அறிவித்தனர். ஏனையோர் திருத்திய கோப்பைக் காலத்துக்குக் காலம் பெற்றுக்கொண்டனர். பொறிகள் பெருகவே கோப்பு பெருத்தது. அது வந்துசேருமுன்னரே பழையதாகியது.

1983இல் போல் மொக்கபெட்றிஸ் வகுத்த ஆட்களப் பெயர் முறைமை இதற்குத் தீர்வாயமைந்தது. அதன் அடிப்படை அதிகாரப் பகிர்வு. பெயர்வெளி ஒரு மரம்போல் கிளைகளாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொரு கிளையின் ஏடும் அக்கிளைக்குரியோரிடமே ஒப்படைக்கப்பட்டது. மேல்நிலையில் உள்ளவர் கீழ்நிலை ஏடு எங்கிருக்கின்றது என்பதை மட்டும் அறிந்திருந்தால் போதும். இலங்கைக்குரிய ‘எல்கே’ என்னும் கிளை 1990இல் இந்நாட்டிடம் ஒப்படைக்கப்பட்டது. 2010இல் தமிழெழுத்திலேயே ‘.இலங்கை’ என்னும் கிளையும் அதற்கிணையான சிங்களக் கிளையும் ஏற்கப்பட்டன.

பெயர்ப் பிரச்சினை தீர்ந்தபோதும் முகவரியைக் கையால் எழுதும் நிலை தொடர்ந்தது. ஒவ்வொரு பொறிக்கும் பொறுப்பாளர் ஒருவர் எண் கொடுத்து ஏட்டில் பதிய வேண்டியிருந்தது. இரண்டு பொறிகளுக்கு ஒரே எண் வழங்கப்பட்டால் இரண்டின் தொடர்பும் குழம்பும். 1985இன் பூட்பி முறையும், அதன் வளர்ச்சியாக றால்ஃப் டிரோம்ஸ் முதலியோர் 1993இல் வகுத்த டிஎச்சிபி முறையும் இதனை மாற்றின. புதிதாக இணையும் பொறி, முகவரி தருவோர் உளரோ என வினவும், சேவையகம் ஒன்றை முன்வைக்கும், பொறி அதனைக் கேட்டுப் பெறும், சேவையகம் உறுதிசெய்யும். இவ்வாறு கிடைப்பது நிரந்தர உடைமையன்று, குத்தகை. பாதிக்காலம் கழிந்ததும் பொறி தானாகவே புதுப்பிக்கக் கோரும். பொறி விலகிக் குத்தகை முடிவுற்றால் எண் பொதுத்தொகைக்குத் திரும்பும்.

குத்தகை முகவரி புதிய சிக்கலொன்றைத் தோற்றுவித்தது. எண் மாறியபின்னும் பெயரேட்டில் பழைய எண்ணே இருக்குமாயின் செய்தி வேறொரு பொறிக்குச் செல்லும். 1997இல் வகுக்கப்பட்ட இயங்குநிலைப் புதுப்பித்தல் முறை, பெயரேட்டிலுள்ள பதிவை வலையமைப்பின் வழியாகவே உடனுக்குடன் திருத்த இடமளித்தது. இதன்பின் பெயர் நிலையாயிருக்க முகவரி மாறலாயிற்று.

4. கலப்பு வலையமைப்பின் சிக்கல்

ஒரே வகைப் பொறிகள் உள்ள இடத்தில் இது எளிது. ஆனால், பல்கலைக்கழகத் துறையொன்றில் யுனிக்ஸ், லினக்ஸ், வின்டோஸ், மக்கின்டொஷ் பொறிகளும் அச்சுப்பொறிகளும் கலந்தேயிருக்கும். யுனிக்ஸ் உலகம் ஆட்களப் பெயரையே அறிந்தது. வின்டோஸ் உலகமோ 15 எழுத்துக்குட்பட்ட நெற்பயோஸ் பெயரைத் தன் அயலில் உரத்துக் கூவி அறிவித்துப் பழகியது. அக்கூவல் அயலைத் தாண்டாது என்பதால் வின்ஸ் என்னும் தனியேடு தேவைப்பட்டது. அன்ட்ரூ திரிட்ஜெல் 1992இல் தொடங்கிய சம்பா மென்பொருள் இவ்விரு மரபினரிடையே மொழிபெயர்ப்பாளராய் நின்றது. வின்டோஸ் 2000 வெளிவந்தபின் மைக்ரோசொஃப்ற் நிறுவனமும் ஆட்களப் பெயரையே தன் அடிப்படையாக்கியது.

இனி எஞ்சிய வினா, ஏட்டில் எழுதுவது யார் என்பதாகும். ஒவ்வொரு பொறியும் தன் பெயரைத் தானே எழுதலாம். அல்லது முகவரி கொடுக்கும் சேவையகம் அனைவர் சார்பிலும் எழுதலாம். வின்டோஸ் களத்தில் இணைந்த பொறிகள் தம்மை அடையாளப்படுத்தித் தாமே எழுதும் ஆற்றல் பெற்றவை. பழைய பொறிகளுக்கும் அச்சுப்பொறிகளுக்கும் அது இயலாது. ஆதலால், கலப்பு வலையமைப்பில் சேவையகமே எழுதுவது பெரிதும் பொருத்தமான ஏற்பாடு எனலாம். எழுதுவோர் மறைச்சாவியால் தம்மை நிறுவுதல் வேண்டும். இன்றேல் யாரும் யாருடைய பெயரையும் கவரலாம். ஒரே பெயரை இரு பொறிகள் கோரினால், முன்னர்ப் பதிந்தது எது என்பதைக் காட்டும் அடையாளக் குறிப்பொன்று பெயருடன் சேர்த்து வைக்கப்படும். அக்குறிப்புப் பொருந்தாத பொறி அப்பெயரை மாற்ற முடியாது.

இங்குச் சேவையகமும் ஓர் இடையாளே. ஆனால், அதன் கடமைகள் முன்கூட்டியே வெளியிடப்பட்ட விதிகளால் வரையறுக்கப்பட்டவை. கோரிக்கைக்கு விடையளிப்பதும் கொடுத்ததை ஏட்டில் பதிவதும் அதன் பணி. ஒரு பொறி வேறு வலையமைப்பிற்குச் செல்வதைத் தடுக்க அதற்கு அதிகாரமில்லை.

5. ஒப்பீடும் முடிபும்

மேற்கூறியவற்றிலிருந்து சில உண்மைகள் பெறப்படுகின்றன. முதலாவது, ஒரே மையத்தில் வைத்த ஏடு வளர்ச்சியைத் தாங்காது என்பதனைப் பொறியியலாளர் சில ஆண்டுகளிலேயே உணர்ந்து அதிகாரத்தைப் பகிர்ந்தனர். தோட்டத்திலோ ஏடு மையத்தில் இருந்தமை திறமைக் குறைவால் அன்று. உழைப்பைக் கட்டிவைக்க அது பயன்பட்டது. ஆகவே, குறைபாடு வெளிப்பட்ட பின்னரும் முறைமை நீடித்தது. இரண்டாவது, வலையமைப்பில் முகவரி நிலையற்றதாயினும் பெயர் பாதுகாக்கப்படுகின்றது. தோட்டத்திலோ மனிதர் தலைமுறை தலைமுறையாக ஒரே காம்பராவில் வாழ்ந்தும் அவ்விடம் அவர்தம் பெயரில் எழுதப்படவில்லை. வேலையுடன் பிணைந்த குடியிருப்பாதலால், அது அவர்கள் புதுப்பிக்க இயலாத குத்தகையாகவே இருந்தது. மூன்றாவது, கலப்பு வலையமைப்பு வேறுபட்ட மரபினரை ஒருமைப்படுத்தாமலே அவர்களிடையே தொடர்பைச் சாத்தியமாக்கியது. பொதுவான ஏடு ஒன்றும், அதில் எழுதுவதற்கான பொதுவான விதிகளும் அதற்குப் போதுமாயின.

ஒப்புமை ஓர் எல்லையில் முறிகின்றது என்பதனையும் கூறவேண்டும். முகவரி இழந்த பொறி மறுகணம் மீண்டும் கேட்கலாம். முகவரியற்ற மனிதர் இழந்தது வாக்கு, கல்வி, நீதி ஆகியவற்றிற்கான வாய்ப்பு. அவற்றை மீளக் கேட்பதற்குச் சங்கங்களும் போராட்டங்களும் தேவைப்பட்டன.

1970களில் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் அவற்றின் முகாமை பிராந்தியக் கம்பனிகளிடம் ஒப்படைக்கப்பட்டது. உடைமை இருமுறை மாறியும் கந்தோர் வழியான முகவரி மாறவில்லை என்பது சிந்தனைக்குரியது. இன்று தோட்டத்தில் வாழ்வோர் பலர் அத்தோட்டத்தின் தொழிலாளர் அல்லர். கண்டியிலும் கொழும்பிலும் வேலை செய்து லயத்திற்குத் திரும்புவோர் உளர். அவர்தம் கடிதம் வேலை கொடுக்காத ஒரு நிருவாகத்தின் ஊடாகச் செல்வதற்கு எந்த நியாயமும் இல்லை. ஒவ்வொரு காம்பராவிற்கும் வீட்டிலக்கம், ஒவ்வொரு லயப் பாதைக்கும் பெயர், அவற்றைப் பதியும் ஏடு பிரதேச சபையிடம், திருத்தம் கோரும் உரிமை குடியிருப்போரிடம் என்பதே வேண்டப்படும் ஏற்பாடாகும். இதற்குப் பெருஞ்செலவோ புதிய கண்டுபிடிப்போ தேவையில்லை. தெல்தோட்டையின் தோட்டப் பிரிவுகளில் இதனைத் தொடங்கலாம். பிரிவு பிரிவாக லயங்களைக் கணக்கெடுத்து வரைபடம் ஆக்கும் பணியில் பல்கலைக்கழக மாணவர் சபைக்குத் துணைநிற்க இயலும். பெயர் எழுதும் உரிமை பெயருக்குரியோரைச் சேரும்பொழுதே ஆள்பதிவு என்பது ஆட்சிக் கருவி என்ற நிலையிலிருந்து மக்கள் உரிமையாக மாறும்.