கொலம்பியா பல்கலைக்கழகம்

கொலம்பியா பல்கலைக்கழகம் ஐக்கிய அமெரிக்காவின் நியூயார்க் நகரில் அமைந்துள்ள ஒரு தனியார் ஆய்வுப் பல்கலைக்கழகம் ஆகும். 1754 ஆம் ஆண்டு நிறுவப்பட்ட இது, நியூயார்க் மாநிலத்தின் மிகப் பழைய உயர்கல்வி நிறுவனமாகும். இங்கு 30,000-க்கும் மேற்பட்ட மாணவர்கள் பயில்கின்றனர். ஐவி லீக் எனப்படும் எட்டுக் கல்வி நிறுவனங்களுள் இதுவும் ஒன்று.

வரலாறு

இரண்டாம் ஜார்ஜ் மன்னரின் பட்டயத்தின்படி 'கிங்ஸ் கல்லூரி' என்னும் பெயரில் இது தொடங்கப்பட்டது. முதல் வகுப்பில் எட்டு மாணவர்களே பயின்றனர். அமெரிக்க விடுதலைப் போரின்போது 1776 இல் மூடப்பட்டு, 1784 இல் கொலம்பியா கல்லூரி என மீண்டும் திறக்கப்பட்டது. 1897 இல் மான்ஹாட்டனின் மார்னிங்சைடு ஹைட்ஸ் பகுதிக்கு இடம்பெயர்ந்தது. கொலம்பியா கல்லூரியில் 1983 முதல் பெண்கள் சேர்க்கப்பட்டனர்.

இந்திய அரசியலமைப்பை வரைந்த குழுவின் தலைவரான பி. ஆர். அம்பேத்கர், 1913 முதல் 1916 வரை பரோடா அரசின் உதவித்தொகையில் இங்கு பயின்றார். இப்பல்கலைக்கழகம் 1952 இல் அவருக்கு மதிப்புறு முனைவர் பட்டம் வழங்கியது.

1968 மாணவர் போராட்டம்

இப்போராட்டத்துக்கு இரண்டு முதன்மைக் காரணங்கள் இருந்தன. வியட்நாம் போர்க்காலத்தில் படைத்துறை ஆய்வு நிறுவனம் ஒன்றுடன் பல்கலைக்கழகம் கொண்டிருந்த தொடர்பு முதலாவது. அருகிலுள்ள மார்னிங்சைடு பூங்காவில், நகருக்குச் சொந்தமான நிலத்தில், உடற்பயிற்சிக் கூடம் கட்டும் திட்டம் இரண்டாவது. ஆப்பிரிக்க அமெரிக்கர் மிகுதியாக வாழ்ந்த ஹார்லெம் மக்களுக்கு அதன் கீழ்ப்பகுதியில் தனி வாயிலும் சிறு பகுதியும் மட்டுமே ஒதுக்கப்பட்டதால், இது இனப் பாகுபாடு எனக் கண்டிக்கப்பட்டது.

ஏப்ரல் 23 அன்று தொடங்கிய போராட்டத்தில் மாணவர்கள் ஐந்து கட்டடங்களைக் கைப்பற்றினர். ஹாமில்ட்டன் அரங்கை ஆப்பிரிக்க அமெரிக்க மாணவர்கள் தம் வசம் வைத்திருந்தனர். ஏப்ரல் 30 அதிகாலையில் காவல்துறை நுழைந்து ஏறத்தாழ 700 பேரைக் கைது செய்தது. நூற்றுக்கும் மேற்பட்டோர் காயமுற்றனர். இதனைக் கண்டித்து நடைபெற்ற வேலைநிறுத்தத்தால் அப்பருவத்தின் வகுப்புகள் முடங்கின.

விளைவாக உடற்பயிற்சிக் கூடத் திட்டம் கைவிடப்பட்டது. ஆய்வு நிறுவனத்துடனான தொடர்பு துண்டிக்கப்பட்டது. தலைவர் கிரேசன் கிர்க் அதே ஆண்டு ஆகத்து மாதம் பதவி விலகினார். மாணவர்க்கும் ஆசிரியர்க்கும் நிருவாகத்தில் பங்களிக்கும் பல்கலைக்கழகப் பேரவை 1969 இல் உருவாக்கப்பட்டது. பூங்காவில் தோண்டப்பட்ட குழி பின்னாளில் அருவியுடன் கூடிய குளமாக மாற்றப்பட்டது.

பிற்காலப் போராட்டங்கள்

1985 ஏப்ரலில், தென்னாப்பிரிக்காவில் தொழில் நடத்திய நிறுவனங்களிலிருந்து பல்கலைக்கழகத்தின் முதலீடுகளைத் திரும்பப் பெறக் கோரி, மாணவர்கள் ஹாமில்ட்டன் அரங்கின் வாயிலில் ஏறத்தாழ மூன்று வாரங்கள் மறியல் செய்தனர். அறங்காவலர்கள் அவ்வாண்டு அக்டோபரில் முதலீட்டை விலக்கிக்கொள்ள முடிவு செய்தனர்.

2024 ஏப்ரலில், காசா போரையொட்டி, இசுரேலுடன் தொடர்புடைய முதலீடுகளை விலக்கக் கோரி மாணவர்கள் வளாகத்தில் கூடாரம் அமைத்தனர். ஏப்ரல் 18 அன்று நூற்றுக்கும் மேற்பட்டோர் கைது செய்யப்பட்டனர். பின்னர் கைப்பற்றப்பட்ட ஹாமில்ட்டன் அரங்கினுள் ஏப்ரல் 30 இரவு காவல்துறை நுழைந்தது. 1968 இல் காவல்துறை நுழைந்ததும் இதே நாளில்தான். முதன்மைப் பட்டமளிப்பு விழா கைவிடப்பட்டது. ஆகத்து மாதம் தலைவர் மினூஷ் ஷபீக் பதவி விலகினார். யூத மாணவர்கள் துன்புறுத்தப்படுவதைத் தடுக்கத் தவறியதாகக் கூறி, அமெரிக்க அரசு 2025 மார்ச்சில் ஏறத்தாழ 40 கோடி டாலர் நிதியை நிறுத்தியது. அவ்வாண்டு சூலையில் மூன்று ஆண்டுகளில் 20 கோடி டாலர் செலுத்தப் பல்கலைக்கழகம் உடன்பட்டது.