போர்க்களத்துக் கடிதமும் சிப்பாயின் இருமனமும்

நமது ரிச்சர்ட்ஸ் டவுனிலிருந்து அல்சூர் ஏரிக்கரை அதிகத் தொலைவன்று. அவ்வேரியை அடுத்துள்ள மதராஸ் ஸாப்பர்ஸ் படைத்தளத்தை அறியாத தமிழ்க் குடும்பம் இவ்வட்டாரத்தில் இராது. 1780ஆம் ஆண்டில் தோன்றிய அப்படையின் வீரர்களைத் ‘தம்பி’ என்றே யாவரும் அழைப்பர். அத்தம்பிகளும், அவர்களையொத்த பிற சிப்பாய்களும், இரண்டு உலகப் போர்களின்போது வீட்டுக்கு எழுதிய கடிதங்களைப்பற்றிச் சிறிது கூற விரும்புகிறேன்.

சிப்பாயின் கடிதம் அவனுடையது மட்டுமன்று. எழுத்தறியாதவன் தோழனிடம் சொல்லி எழுதுவிப்பான். ஊரில் தாயோ மனைவியோ, படிக்கத் தெரிந்த ஒருவரிடம் கொடுத்துக் கேட்பர். இடையே சர்க்கார் தணிக்கையாளரும் படித்துவிடுவார். 1914இல் இந்தியப் படைகள் பிரான்ஸ் தேசத்தில் இறங்கியதும், இந்தியத் தபாலுக்கெனத் தனித் தணிக்கை நிலையம் அமைந்தது. வாரந்தோறும் பல்லாயிரம் கடிதங்கள் அதன் வழியே சென்றன. ஐயத்திற்குரிய பகுதிகளை ஆங்கிலத்தில் பெயர்த்து மேலிடத்துக்கு அறிக்கை அனுப்பினர். இன்று லண்டன் நூலகத்தில் எஞ்சியிருப்பவை பெரும்பாலும் இப்பெயர்ப்புகளே. மூலக் கடிதங்கள் உரியவரிடம் சென்று, அடுப்பங்கரைப் பரணிலோ கறையான் வாயிலோ மறைந்தன. சிப்பாயைச் சந்தேகித்தவர் எழுதிவைத்த ஏடே அவன் குரலைக் காத்தது என்பது விந்தையல்லவா!

சிப்பாய்களும் விவரமறியாதவர்கள் அல்லர். கறுப்பு மிளகு என்றால் இந்தியச் சிப்பாய். சிவப்பு மிளகு என்றால் வெள்ளைச் சிப்பாய். கறுப்பு மிளகு விரைவாய்ச் செலவாகிறது என்று எழுதினால், நம்மவர் அதிகமாய் மடிகின்றனர் என்பது பொருள். மளிகைக் கணக்குப் போன்ற அவ்வரியில் அரசியல் முழுவதும் அடங்கிவிட்டது. தணிக்கையாளரும் விரைவில் அதைக் கண்டுகொண்டார் என்பது வேறு கதை.

1914 நவம்பரில் துருக்கி, பிரிட்டனுக்கு எதிரணியில் சேர்ந்தபோது முஸ்லிம் வீரர்களின் மனம் பெரிதும் அலைப்புண்டது. உண்ட உப்பு ஒருபுறம், கலீபாவின்பால் கொண்ட பக்தி ஒருபுறம். மீர் மஸ்த் என்னும் ஜமேதார் 1915 மார்ச் மாதத் தொடக்கத்தில், சில ஆப்ரிடி வீரர்களுடன் இரவோடிரவாக ஜெர்மானியர் பக்கம் சென்றுவிட்டார். அடுத்த மாதமே அவர் சகோதரர் மீர் தஸ்த், ஈப்ர் போர்க்களத்தில் அதிகாரிகள் எண்மரைக் காப்பாற்றி விக்டோரியா சிலுவை பெற்றார். ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள்! சிங்கப்பூரிலோ 1915 பிப்ரவரி 15ஆம் நாள் ஐந்தாம் லைட் இன்பண்டிரிப் படையினர் கிளர்ந்தெழுந்தனர். தங்களைத் துருக்கியர்மேல் ஏவுவர் என்ற அச்சம் காரணங்களுள் ஒன்று. உண்மையில் அவர்கள் செல்லவிருந்தது ஹாங்காங். நாற்பத்தெழுவர் சுட்டுக் கொல்லப்பட்டனர்.

இருபத்தேழு ஆண்டுகள் கழித்து, அதே பிப்ரவரி 15ஆம் நாள், அதே சிங்கப்பூர் ஜப்பானியரிடம் வீழ்ந்தது. இம்முறை பிளவு தமிழரையும் நேரே தொட்டது. பாரர் பூங்காவில் கூட்டப்பட்ட இந்தியக் கைதிகளிடம் தேசிய ராணுவத்தில் சேருமாறு மோகன்சிங் அழைத்தார். பல்லாயிரவர் சேர்ந்தனர், பல்லாயிரவர் மறுத்தனர். மறுத்தவர்களுள் பலர் நியூகினி போன்ற தீவுகளுக்குக் கடும் வேலைக்கு அனுப்பப்பட்டு மாண்டனர். 1943இல் சுபாஷ் சந்திர போஸ் வந்தபின், மலேயா ரப்பர்த் தோட்டத் தமிழர் திரள் திரளாய்ச் சேர்ந்தனர். சென்னை டாக்டர் லட்சுமி சுவாமிநாதன் ஜான்சிராணிப் படைக்குத் தலைமை தாங்கினார்.

மறுபுறத்தில், காஞ்சிபுரம் பகுதியைச் சேர்ந்த சுபேதார் சுப்பிரமணியம், நம் ஸாப்பர்ஸ் படையினர், 1944 பிப்ரவரி 24ஆம் நாள் இத்தாலியில் வெடிக்கவிருந்த கண்ணிமேல் தாமே படுத்துத் தோழர்களைக் காத்து உயிர் துறந்தார். இறந்தபின் அவருக்கு ஜார்ஜ் சிலுவை வழங்கப்பட்டது. இவரைக் கூலிப்படை என்பவரும் உண்டு. தேசிய ராணுவத்தாரைத் துரோகிகள் என்றவரும் உண்டு. இரண்டு பேச்சையும் நான் ஒப்பேன். தோழனைக் காக்கக் கண்ணிமேல் படுத்தவன் எந்த மன்னனை எண்ணியிருப்பான்? அக்காலத்துத் தணிக்கை அறிக்கைகளே கூறுகின்றன: 1943இல் சிப்பாய்களை வாட்டிய பெருங்கவலை ஊரில் அரிசி விலை, அனுப்பிய பணம் வீட்டுக்குப் போதாமை.

போர் முடிந்து திரும்பிய தேசிய ராணுவத்தாரை வெள்ளை, சாம்பல், கறுப்பு என நிறம் பிரித்தனர். மீண்டும் நிறங்கள்! கறுப்பில் வைக்கப்பட்டோர் சம்பள பாக்கியையும் இழந்து நீக்கப்பட்டனர். செங்கோட்டையில் 1945 நவம்பரில் தொடங்கிய விசாரணையில் ஷா நவாஸ், சேகல், தில்லன் மூவருக்கும் விதித்த ஆயுள் தண்டனையை, நாட்டின் கொந்தளிப்பு கண்டு, 1946 ஜனவரியில் தளபதி ஆக்கின்லெக் ரத்து செய்தார். ஆயினும் சுதந்திரத்துக்குப் பின்னரும் அவ்வீரர்களைப் பழைய படைப்பிரிவுகளில் சேர்க்கவில்லை. 1972இல் விடுதலை வீரர் ஓய்வூதியம் வந்தபோது, சிறையிருந்ததற்குச் சான்று கேட்டனர். சான்று கிடையாத முதியவர்கள், உடன் சிறையிருந்த தோழரைத் தேடிச் சென்று, அவர் கையால் மீண்டுமொரு கடிதம் எழுதி வாங்கினர்.