முதுமைக்கு ஒரு முதல்: சேமநிதியின் சரித்திரம்

உழைக்கும் மட்டும் உண்பவன் உழைக்க இயலாத நாளில் யாரை அண்டுவான்? இக்கேள்விக்கு மலாயா நாட்டில் நெடுங்காலம் கிடைத்த விடைகள் இரண்டே. ஒன்று கப்பல், மற்றொன்று கருணை. முதுமையிலே பிறந்த ஊருக்குத் திரும்பிப் போ என்பது முதல் விடை. போக்கிடம் இல்லையேல் தருமத்தை நாடு என்பது இரண்டாவது விடை. இவ்விரண்டில் எதுவும் உரிமையன்று என்பதை நம் வாசகர்கள் முதலில் மனத்திற் கொள்ள வேண்டுகிறோம்.

1907-ம் ஆண்டிலே தோட்ட முதலாளிமாரிடம் வரி பெற்று ஒரு குடியேற்ற நிதி ஏற்படுத்தப்பட்டது. அதன் முதல் நோக்கம் தமிழகத்திலிருந்து ஆட்களை வரவழைப்பதே. வந்த ஆளின் பெயரில் ஒரு காசும் அதில் சேரவில்லை. 1930-ம் ஆண்டில் ரப்பர் விலை வீழ்ந்தபொழுது, ஐம்பது காசாயிருந்த ஆண் கூலி நாற்பதாயிற்று. பெண்ணுக்கு அதிலும் குறைவு. பல்லாயிரவர் ஊருக்குத் திருப்பி அனுப்பப்பட்டனர். பத்தும் இருபதும் வருஷம் பால்மரம் சீவியவர் கையிலே கொண்டுபோனது என்ன? மூட்டை முடிச்சும் முழங்கால் வலியுமன்றி வேறென்ன!

இந்நிலைக்கு ஒரு மாற்றம் 1951-ம் ஆண்டிலே வந்தது. மலாயாக் கூட்டரசில் ஊழியர் சேமநிதிச் சட்டம் இயற்றப்பட்டது. தொழிலாளி தன் ஊதியத்தில் நூற்றுக்கு ஐந்து இடவேண்டும். முதலாளியும் ஐந்து இடவேண்டும். ஐம்பத்தைந்து வயதிலே அது வட்டியுடன் தொழிலாளிக்குச் சேரவேண்டும். சிங்கப்பூரில் 1953-ல் சட்டமாகி, 1955 ஜூலை முதல் நாள் நடைமுறைக்கு வந்த மத்திய சேமநிதியும் இதே விகிதத்திலேயே தொடங்கிற்று. ஆங்கில சர்க்கார் இம்முறையை விரும்பியதன் காரணமும் வெளிப்படை. ஓய்வூதியம் என்றால் பொக்கிஷத்திலிருந்து பணம் வரவேண்டும். சேமநிதிக்கு அது வேண்டுவதில்லை. சேர்ந்த தொகையில் பெரும்பகுதி அரசாங்கக் கடன் பத்திரங்களில் இடப்பட்டது. எனவே தோட்டத் தொழிலாளியின் காசும் நாட்டுக்கு மூலதனமாயிற்று என்பதை மறத்தல் தகாது.

எனினும் இச்சட்டம் செய்த நன்மை பெரிது. முதலாளியின் பங்கு இனாமன்று. அது ஊதியத்தின் ஒரு கூறே என்று நிலைநாட்டப்பட்டது. வட்டிக்கடைக்காரன் அப்பணத்தை ஜப்தி செய்ய முடியாது. கள்ளுக்கடையின் வாசலுக்கும் அது எட்டாது. இவற்றினும் மேலாக, பால் வெட்டும் பெண்ணுக்கும் அவள் பெயரிலேயே தனிக்கணக்கு உண்டாயிற்று. தந்தையின் தயவையும் கணவனின் மனத்தையும் நம்பியிருந்தவளுக்குத் தனக்கென்று ஒரு முதல் என்பது சிறிய சீர்திருத்தமா?

ஆனால் குறையை மறைத்தல் நம் வழக்கமன்று. ஊதியத்தின் நிழலே சேமநிதி. ஊதியம் குறுகின் நிழலும் குறுகும். மழையால் வேலை நின்ற மாதத்தில் சேமிப்பும் நின்றது. மலேசியாவில் இன்று ஐயாயிரம் வெள்ளி வரை சம்பளம் பெறுவோருக்குத் தொழிலாளி பதினொன்றும் முதலாளி பதின்மூன்றும் இடுகின்றனர். மரபுவழிக் கணக்குக்கு ஆண்டுக்கு 2.5 விழுக்காட்டுக்குக் குறையாத இலாபப் பங்கைச் சட்டம் உறுதி செய்கிறது. விகிதம் உயர்ந்தும், குறைந்த கூலிக்காரரின் கணக்கு முதுமை முழுதுக்கும் போதவில்லை. பெருந்தொற்றுக் காலமாகிய 2020 முதல் 2022 வரை உறுப்பினர்கள் எடுத்த தொகை 14,500 கோடி வெள்ளி! பசித்தவனைப் பழித்தல் அறமாகாது. ஆயினும் அன்று உண்டது நாளைய சோறு என்பதும் பொய்யன்று.

ஆகவே, தொழிலாளியின் சிக்கனம் மட்டும் போதாது. அரசாங்கமும் தன் பங்கை இடவேண்டும் என்பதே இச்சரித்திரம் கற்பிக்கும் பாடம். சிங்கப்பூர் 2007-ல் தொடங்கிய வேலைநல வருமானத் திட்டத்தின்படி, குறைந்த ஊதியத்தாரின் சேமநிதிக் கணக்கில் அரசாங்கமே பணம் சேர்க்கிறது. மொத்தமாய்ப் பெற்ற தொகை விரைவில் கரைந்துவிடாதபடி, ஆயுள் முழுதும் மாதந்தோறும் பணம் தரும் ஏற்பாடும் 2009-ல் அங்கு வந்தது. மலேசியாவில் முதலாளியில்லாத சுயதொழிலாளர் தாமாக இடும் தொகைக்கு ஐ-சாரான் திட்டத்தில் ஒரு பங்கு கூட்டப்படுகிறது. 2025 அக்டோபர் முதல் அயல்நாட்டுத் தொழிலாளருக்கும் தொழிலாளி இரண்டு, முதலாளி இரண்டு என்று சேமநிதி கட்டாயமாயிற்று. அன்று நம் பாட்டன்மார் நின்ற நிரையில் இன்று நிற்பவர் அவர்கள். இரண்டு விழுக்காடு அற்பமேயாயினும், கதவு திறந்தது நன்றே.

தோழர்களே! சட்டம் ஏட்டில் இருந்தால் போதாது. உங்கள் கணக்கை ஆண்டுதோறும் கேட்டுப் பாருங்கள். முதலாளியின் பங்கு சேராதிருப்பின் அஞ்சாது முறையிடுங்கள். உங்களுக்குப் பின் அத்தொகை யாருக்கு உரியது என்பதை இன்றே எழுதிப் பதிவு செய்யுங்கள். அது எழுதப்படாமையால் அலுவலகப் படிகளில் ஏறி இறங்கும் விதவைகள் எத்தனை பேர்! கணக்கைப் படிக்கத் தெரியாத தாய்க்கு மகளேனும் படித்துச் சொல்லட்டும். உழைத்தவனுக்கு உரியது உழைத்தவனைச் சேரும் நாளே இச்சட்டத்தின் வெற்றி நாள்.