சாலைக்கிணற்று நீர்: தொண்டும் மாணவரின் வாழ்க்கைக் குறிக்கோளும்

இறையியல் கல்லூரிகளில் பயிலும் மாணவர் அனைவரும் வார இறுதியில் ஏதேனும் ஒரு களப்பணிக்கு அனுப்பப்படுகின்றனர். சிலர் மருத்துவமனைக்கும், சிலர் சேரிப்பகுதிக்கும், சிலர் சிற்றூர்ச் சபைகளுக்கும் செல்கின்றனர். ஆண்டிறுதியில் அறிக்கை எழுதப்படுகிறது, மதிப்பெண்ணும் இடப்படுகிறது. ஆனால், அப்பணி அம்மாணவரின் நோக்கை மாற்றியதா, அவர் வாழ்வின் திசையை உறுதிசெய்ததா என்னும் வினாவை நாம் எழுப்புவது அரிது. ஊதியம் கருதாத தொண்டு ஒரு மாணவரை எவ்வாறு உருவாக்குகிறது? இதனை ஆராய, நமக்கு அண்மையிலுள்ள பூந்தமல்லி நெடுஞ்சாலையில் ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்குமுன் நடைபெற்றதாக வைணவ மரபு போற்றும் ஒரு வரலாற்றை நோக்குவோம்.

பூந்தமல்லி வணிகர்

பூவிருந்தவல்லி என வழங்கிய பூந்தமல்லியில் வைசிய குலத்தில் பிறந்தவர் திருக்கச்சி நம்பிகள். அவ்வூரில் நந்தவனம் அமைத்து, மலர் கொய்து மாலை தொடுத்து, காஞ்சி வரதராசப் பெருமாளுக்கு எடுத்துச் சென்றார் என்று மரபு கூறுகிறது. பூந்தமல்லிக்கும் காஞ்சிக்கும் இடையே ஏறத்தாழ 50 கிலோமீட்டர். பின்னர் அவர் காஞ்சியிலேயே தங்கிப் பெருமாளுக்கு ஆலவட்டம் வீசும் தொண்டினை ஏற்றார். அவர் ஆளவந்தாரின் மாணவர். வடமொழியில் தேவராச அட்டகம் இயற்றியவர். ஆயினும், மக்கள் நினைவில் அவர் நூலாசிரியராக அன்று, விசிறியைக் கையிலேந்திய தொண்டராகவே நிலைத்துள்ளார். பூந்தமல்லி வரதராசப் பெருமாள் கோயிலில் அவருக்குத் தனிச் சந்நிதி உண்டு.

அதே நெடுஞ்சாலையில், பூந்தமல்லிக்கும் காஞ்சிக்கும் இடையில் அமைந்த ஊர் திருப்பெரும்புதூர். அங்கே 1017-இல் பிறந்தவர் இராமாநுசர் என்பது மரபுவழிக் கணக்கு. அவ்வாண்டைக் குறித்து ஆய்வாளரிடையே கருத்து வேறுபாடு உண்டு. இவர்களுடைய வரலாற்றைக் கூறும் ஆறாயிரப்படி குருபரம்பரை முதலிய நூல்கள் சில தலைமுறைகளுக்குப் பின்னர், பக்தியுணர்வோடு எழுதப்பட்டவை. அவற்றில் காணும் நிகழ்ச்சி ஒவ்வொன்றையும் கல்வெட்டுச் சான்றுபோல் கொள்ளல் இயலாது. ஆனால், ஒரு சமூகம் தன் பேராசான் உருவான விதத்தை எவ்வாறு நினைவில் வைத்தது என்பதும் வரலாறே.

நூலறிவும் நீர்க்குடமும்

இராமாநுசர் காஞ்சிக்கருகே திருப்புட்குழியில் யாதவப்பிரகாசரிடம் வேதாந்தம் பயின்ற மாணவர். ஆசிரியர் கூறிய பொருள் மாணவரின் உள்ளத்திற்கு ஒவ்வாமற்போயிற்று. உபநிடதச் சொற்களின் விளக்கத்தில் இருவரும் முரண்பட்டனர், பிளவு முற்றியது. கல்விக்கூடத்தை விட்டு நீங்கிய இளைஞர் இனி யாரிடம் செல்வது, எதைச் செய்வது என்று திகைத்து நின்றார். திறமை மிகுந்த மாணவர் பலர் இத்தகைய திகைப்பினை அறிவர்.

அவர் திருக்கச்சி நம்பிகளை நாடினார். நம்பிகள் அவருக்குப் புதிய நூலொன்றைக் கற்பிக்கவில்லை. சாலைக்கிணற்றிலிருந்து நாள்தோறும் ஒரு குடம் நீர் கொணர்ந்து வரதராசருக்குச் சமர்ப்பிக்குமாறு கூறினார். வேதாந்த வாதத்தில் ஆசிரியரையே மறுத்துரைத்த மாணவர் குடத்தைச் சுமந்தார். இத்தொண்டினால் பட்டமும் இல்லை, பரிசும் இல்லை. ஊர் நடுவே நீர்க்குடம் சுமப்பது அறிஞருக்குரிய பணியாகவும் அன்று கருதப்பட்டிராது.

ஈண்டு நாம் கருதவேண்டியவை இரண்டு. ஒன்று, தொண்டு சிறியது. ஆனால் நாள் தவறாதது. மற்றொன்று, அதனை அவருக்குக் காட்டியவர் அக்காலச் சமூக வரிசையில் அவருக்குக் கீழ் வைக்கப்பட்டவர். அந்தணராகிய இராமாநுசர் வைசியராகிய நம்பிகளைத் தம் ஆசிரியராகக் கொள்ள விழைந்தார். குலவழக்கைச் சுட்டி நம்பிகள் அதற்கு இசையவில்லை. நம்பிகள் உண்டு எஞ்சிய உணவைத் தாம் உண்ண வேண்டும் என்னும் ஆவலால் அவரை விருந்துக்கு அழைத்தார் இராமாநுசர். ஆனால், அவர் வெளியே சென்றிருந்த வேளையில் நம்பிகள் வந்து உண்டு சென்றார்; இல்லாள் எஞ்சியதைப் பிறர்க்குக் கொடுத்து, இடத்தைக் கழுவி, நீராடியும் விட்டார். கோயில்வழியில் தாம் கற்றதை இராமாநுசரால் தம் வீட்டினுள் கொண்டுசெல்ல இயலவில்லை. தொண்டு ஒருவரின் கண்ணைத் திறக்கலாம். அவரைச் சூழ்ந்த ஒழுங்கு அதே வேகத்தில் மாறிவிடுவதில்லை. இக்கசப்பை மரபு மறைக்காமல் வைத்திருப்பது குறிப்பிடத்தக்கது.

ஆறு வார்த்தைகள்

நீர்த்தொண்டு தொடர்ந்த நாள்களில் இராமாநுசர் உள்ளத்தில் சில ஐயங்கள் உருவாயின. அவற்றை வாய்விட்டுக் கூறாமலே பெருமாளிடம் விண்ணப்பிக்குமாறு நம்பிகளை வேண்டினார். நம்பிகள் கொணர்ந்த மறுமொழியே ‘ஆறு வார்த்தைகள்’ எனப் போற்றப்படுவது. முதல் ஐந்தும் பரம்பொருள் யார், உயிருக்கும் இறைக்கும் உள்ள வேறுபாடு, சரணடைதலே வழி, இறுதி நினைவு இன்றியமையாததன்று, உடல் நீங்கியபின் வீடுபேறு என்னும் கோட்பாடுகளைப் பற்றியவை. ஆறாவதோ ஒரு கட்டளை: பெரிய நம்பியை அடைந்து அவரை ஆசிரியராகக் கொள்க என்பது.

ஐந்து வார்த்தைகள் நோக்கைத் தெளிவித்தன. ஆறாவது வாழ்க்கையின் திசையைக் காட்டியது. இவ்வரிசை நமக்குப் பொருள் நிறைந்தது. ‘யான் எப்பணிக்குச் செல்வது?’ என்னும் வினாவோடு அவர் தொடங்கவில்லை. குடம் சுமந்தார், சுமக்கையில் வினா முதிர்ந்தது, விடையோடு திசையும் கிட்டிற்று. அவர் புறப்பட்டுச் சென்றபோது மதுராந்தகத்தில் பெரிய நம்பியைச் சந்தித்து அங்கேயே தீட்சை பெற்றார். பின்னர்த் திருவரங்கத்தின் தலைமை, ஸ்ரீபாஷ்யம், திருக்கோட்டியூரில் மந்திரப் பொருளைப் பலர் அறிய வெளியிட்டதாகக் கூறப்படும் துணிவு ஆகிய அனைத்தும் அதன்பின் வந்தவை. உயிர் இறைவனுக்கே உரியது, அவருக்குத் தொண்டு செய்தலே அதன் இயல்பு என்பது அவருடைய இறையியலில் நடுவிடம் பெற்ற கருத்து. இதனைக் குடத்திலிருந்தே கற்றார் என்று நாம் துணிந்துரைக்க இயலாது. எனினும், அக்கருத்தை எழுதிய கைகள் குடம் சுமந்த கைகள் என்பதை மரபு மறக்கவில்லை.

பிற்காலச் சான்றுகள்

இவ்வனுபவம் ஒரு சமயத்திற்கோ ஒரு நாட்டிற்கோ மட்டும் உரியதன்று. 1870-இல் இராணிப்பேட்டையில் பிறந்த ஐடா ஸ்கடர் அமெரிக்காவில் கல்வி பயின்றார். மிஷனெரி வாழ்வு தமக்கு வேண்டா என்பதே அவருடைய எண்ணம். நோயுற்ற தாய்க்கு உதவி செய்யச் சிறிது காலம் தங்கும் நோக்கத்தோடு 1890-இல் திண்டிவனம் வந்தார். ஓரிரவில் மூன்று குடும்பத்தினர் பேறுகால வேதனையிலிருந்த தம் பெண்களுக்கு உதவ அவரை அழைத்தனர். ஆண் மருத்துவரான தந்தையை அவர்கள் ஏற்கவில்லை. அவரோ மருத்துவம் அறியாதவர். மூவரும் இறந்தனர். அவ்விரவு அவருடைய குறிக்கோளை மாற்றிற்று. 1899-இல் மருத்துவப் பட்டம் பெற்றார். 1918-இல் வேலூரில் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியைத் தொடங்கினார்.

இலண்டனில் வழக்கறிஞர் தொழிலுக்கு ஆயத்தமாகிக்கொண்டிருந்த கிளெமென்ட் அட்லி 1905-இல் ஸ்டெப்னி என்னும் ஏழைப் பகுதியில் சிறுவர் மன்றம் ஒன்றிற்கு உதவச் சென்றார். செல்வக்குடும்பத்துப் பழைமைவாதியாகச் சென்றவர், வறுமையை அண்மையில் கண்டு, சில ஆண்டுகளில் சமதர்மக் கொள்கையினரானார். 1947-இல் இந்திய விடுதலைச் சட்டம் நிறைவேறியபோது பிரித்தானியப் பிரதமராக இருந்தவர் அவரே.

நமக்குரிய பாடம்

1969-இல், காந்தியடிகள் நூற்றாண்டில், நாட்டு நலப்பணித் திட்டம் 37 பல்கலைக்கழகங்களில் தொடங்கப்பெற்றது. சமூகப் பணியின் வழியாக மாணவரின் ஆளுமையை வளர்ப்பதே அதன் நோக்கம். எனினும், திட்டம் நோக்கத்தை எழுதலாம். மாற்றத்தை உறுதிசெய்ய இயலாது. மேற்கண்ட மூவரிடத்தும் பொதுவாக நாம் காண்பவை இவை: அவர்கள் ஏற்றது எளிய பணி, அதில் தம் அறிவின் எல்லையைக் கண்டனர், அக்காட்சியினின்று தப்பிச் செல்லாமல் அதற்கு விடை தேடினர். இராமாநுசருக்கு இவற்றோடு வழிகாட்டி ஒருவரும் இருந்தார். நம் கல்லூரிகளில் பெரிதும் குறைவுபடுவது இதுவே எனலாம். மாணவரைக் களத்திற்கு அனுப்புகிறோம். அங்கிருந்து அவர் கொணரும் வினாவைக் கேட்க நாம் அமர்வதில்லை.

இன்று பூந்தமல்லியில் பார்வையற்றோருக்கான அரசுப் பள்ளி உள்ளது. பார்வையற்ற மாணவருக்கு நூல் வாசித்துக் காட்டவும், தேர்வில் அவர் சொல்வதை எழுதவும் எப்போதும் ஆள் வேண்டும். அத்தகைய பணிக்குச் செல்லும் இறையியல் மாணவர் தாம் கொடுக்கச் செல்வதாக எண்ணக்கூடும். பிறர் சொல்லைக் கூட்டாமலும் குறைக்காமலும் எழுதுதல் எத்துணைக் கடினம் என்பதை அவர் அங்கே அறிவார். பிரசங்க பீடத்தில் நிற்கவிருப்பவருக்கு இதைவிடச் சிறந்த பயிற்சி யாது?

நம்பிகளைப் பற்றி இன்னொரு வரலாறும் உண்டு. தமக்கு வீடுபேறு உண்டோ என அவர் பெருமாளைக் கேட்டாராம். விசிறியதற்குப் பேசியதே ஈடாயிற்று, அடியாருக்குத் தொண்டு செய்க என்று மறுமொழி கிட்டியதாம். அவர் திருக்கோட்டியூர் சென்று, தம்மை இன்னார் என்று வெளிப்படுத்தாமல், அங்கோர் அடியாரின் மாடு மேய்த்தார் என்பர். மதிப்பெண்ணுக்காகச் செய்யும் தொண்டு மதிப்பெண்ணோடு முடிந்துவிடுகிறது. சீடரின் கால்களைக் கழுவியவரைப் பின்பற்றும் நாம், நம் மாணவரின் அறிக்கையைப் படிக்குமுன், அவர் யாருடைய குடத்தைச் சுமந்தார் என்று கேட்போமாக.