படிமப் பெயரீட்டு மரபும் இணையப் படக்காப்பகக் குறிச்சொற்களும்

முன்னுரை

கோயிற் சிற்பங்கள், செப்புத் திருமேனிகள் ஆகியவற்றின் ஒளிப்படங்கள் இன்று இணையக் காப்பகங்களில் பெருகியுள்ளன. புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனமும் அமெரிக்க இந்தியவியல் நிறுவனமும் கடந்த நூற்றாண்டில் தொடங்கித் தொகுத்த படங்கள் இவற்றுள் குறிப்பிடத்தக்கவை. வேண்டிய படத்தை ஆய்வாளரிடம் சேர்ப்பது அதனுடன் இணைந்த குறிச்சொல்லே. அச்சொற்களை ஒருசீராக்குங்கால் எதைக் காத்தல் வேண்டும் என்பதை வரலாற்று நோக்கில் இக்கட்டுரை ஆராய்கிறது.

தஞ்சைக் கல்வெட்டுகள் காட்டும் நெறி

முதலாம் இராசராசன் காலத்தில் (985–1014) தஞ்சைப் பெரிய கோயிலுக்கு அளிக்கப்பெற்ற திருமேனிகளைக் கல்வெட்டுகள் நுணுக்கமாகப் பட்டியலிடுகின்றன. கூத்தப்பெருமானின் திருமேனி ‘ஆடவல்லார்’ எனப் பெயர் பெறுகிறது. அதன் உயரம் முழத்தாலும் விரலாலும் அளந்து கூறப்படுகிறது. கைகளின் எண்ணிக்கை, சடைகள், சடைமேல் கங்கை, திருவடியின்கீழ் முசலகன் ஆகியன தனித்தனியே சுட்டப்படுகின்றன. பெயர், அளவு, கட்புலனாகும் கூறு என மூன்றையும் கலவாது எழுதிய இப்பட்டியல், படவிவரணத்திற்கும் ஏற்ற முன்மாதிரி எனலாம்.

பெயர்களின் பெருக்கம்

முசலகன் முயலகன் எனவும் வழங்கப்பட்டான். வடமொழி மரபில் அவன் அபஸ்மாரன். ஆடவல்லார் என்னும் பெயரினும் நடராசர் என்பதே பெருவழக்காயிற்று. து. அ. கோபிநாத ராவ் 1914–1916இல் வெளியிட்ட படிமவியல் நூல் ஆகமங்களையும் பிற வடமொழி நூல்களையும் பெரிதும் சார்ந்தது. அந்நூல் கையாண்ட பெயர்கள் ஆங்கில ஆய்வுலகில் நிலைபெற்றன. ஆகவே, ‘அபஸ்மாரன்’ எனக் குறிக்கப்பட்ட படம் ‘முயலகன்’ எனத் தேடுவார்க்குக் கிட்டாது போகும். ஒன்றை மட்டும் நிறுத்தி ஏனையவற்றை நீக்கின் இடர் இன்னும் மிகும். கல்வெட்டுப் பெயர் மறையின், அதனோடு காலச் சான்றும் மறையும்.

நூலகவியல் தரும் தீர்வு

ஒருபொருட் பல சொற்களுள் ஒன்றைத் தலைப்பாகக் கொண்டு, பிறவற்றிலிருந்து அதற்கு ‘காண்க’ எனச் சுட்டும் முறையைச் சார்லசு கட்டர் 1876இல் விதியாக வகுத்தார். 1990இல் அச்சேறிய கெட்டி நிறுவனத்தின் கலை, கட்டடக்கலைச் சொற்களஞ்சியமும் ஒரு கருத்தின்கீழ் முதன்மைச் சொல்லையும் மாற்றுச் சொற்களையும் ஒருங்கே வைக்கிறது. அமெரிக்கக் காங்கிரசு நூலகம் 2008 சனவரியில் பிளிக்கர் தளத்தில் படங்களை வெளியிட்டபோது, அவ்வாண்டு அக்டோபருக்குள் பொதுமக்கள் 67,176 குறிச்சொற்களை இணைத்தனர். மக்களின் ஆர்வத்தை இது காட்டும். ஆயினும் தடையின்றிச் சேரும் சொற்களுள் ஒருபொருட் சொற்கள் தாமே இணைந்துவிடுவதில்லை. அவற்றை இணைப்பது அறிஞர் பணியாகவே எஞ்சுகிறது.

முடிவுரை

மேற்கண்டவற்றால், ஒருசீர்மை என்பது ஒரே பெயரை நிலைநாட்டுவதன்று, பல பெயர்களை ஒரே பொருளோடு பிணைப்பதே என்பது பெறப்படும். ஒவ்வொரு படிமத்திற்கும் ஓர் எண் அமைத்து, கல்வெட்டுப் பெயர், தமிழ் வழக்கு, வடமொழிப் பெயர், எழுத்து வேறுபாடு ஆகியவற்றை வகை சுட்டி அதனுடன் சேர்த்தல் வேண்டும். காண்பனவற்றையும் கருதுவனவற்றையும் தனித்தனிப் புலங்களில் பதிதல் வேண்டும். கல்வெட்டுச் சொல்லையும் இலக்கிய வழக்கையும் அறிந்த தமிழாய்வாளர் இப்பணியில் பங்கேற்பின், ஆடவல்லார் எனத் தேடுவாரும் நடராசர் எனத் தேடுவாரும் ஒரே திருமேனியைக் காண்பர்.