சந்திரலேகா: ஆட்டத்தின் நடுவே எழுந்த ஐயம்

பரதம் பயின்ற ஒருவர் முதன்முதலாகச் சபையோர் முன் ஆடும் நாள் எத்துணைப் பெருமைக்குரியது என்பதை நான் எடுத்துரைக்க வேண்டியதில்லை. ஆசிரியரின் ஆசியும் பெரியோரின் பாராட்டும் ஒருங்கே கிட்டும் நாள் அது. அந்நாளிலேயே, தாம் கற்ற கலையின்மேல் ஒருவருக்கு ஐயம் பிறந்தது. அந்த ஐயத்தோடு அவர் பின்னும் ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்தார். அவரே சந்திரலேகா.

அவர் 1928ஆம் ஆண்டு மகாராட்டிரத்தின் வாடா என்னும் ஊரிற் பிறந்தவர், குசராத்திக் குடும்பத்தினர், தந்தையார் மருத்துவர். சட்டக் கல்வியை இடையிலே கைவிட்டு, நடனம் பயிலச் சென்னைக்கு வந்தார். காஞ்சிபுரம் எல்லப்பபிள்ளை அவருக்கு ஆசிரியராய் வாய்த்தார்.

1952இல் இராயலசீமைப் பகுதியைக் கடும் வறட்சி வாட்டியது. அதன் துயர் துடைக்க நிதி திரட்டும் பொருட்டுச் சென்னையில் நிகழ்ந்த ஒரு நிகழ்ச்சியில் சந்திரலேகா ஆடினார். ‘மதுரா நகரிலோ’ என்ற பாடலுக்கு அவர் அபிநயம் பிடித்துக்கொண்டிருந்தார். யமுனையின் நீர்ப்பெருக்கையும், அதிலே பெண்கள் விளையாடி மகிழ்வதையும் கையாலும் கண்ணாலும் காட்ட வேண்டிய இடம். அவ்வேளையில் செய்தித்தாள்களிற் கண்ட படங்கள் அவர் நினைவில் எழுந்தன. பிளந்து கிடக்கும் நிலம். சிறு தகரக் குவளைகளை ஏந்தித் தண்ணீருக்காக நீண்ட வரிசையில் நிற்கும் மக்கள். நீரில்லாதவர்க்கு உதவவென்று கூடிய சபையில் தாம் நீரின் பெருக்கை ஆடிக்காட்டுவதை உணர்ந்த அக்கணத்தில் அவர் உறைந்து நின்றுவிட்டார். இதனை அவரே பின்னாளிற் பலமுறை நினைவுகூர்ந்திருக்கிறார்.

இவ்விடத்தில் வேறொருவராயின் என்ன செய்திருப்பார்? அடுத்த ஆண்டே வறட்சியைப் பற்றி ஒரு நாட்டிய நாடகம் அமைத்திருப்பார்; கண்ணனுக்குப் பதிலாக ஓர் ஏழை உழவனை மேடையேற்றியிருப்பார். அத்தகைய நாடகங்களை நாம் கண்டிருக்கிறோம். பெரும்பாலும் மறந்தும் இருக்கிறோம். சந்திரலேகா அவ்வழியை நாடவில்லை. பாட்டின் பொருளை மாற்றினால் போதும் என்று அவர் எண்ணவில்லை. ஆடும் உடல் எங்கிருந்து தன் அசைவுகளைப் பெற்றது, அது யாருக்காக நிற்கிறது என்பதே அவர் கேள்வியாயிற்று. அக்கேள்விக்கு விடை காண அவருக்கு முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆயின.

1960இல் ‘தேவதாசி’, 1972இல் ‘நவக்கிரகம்’ என இரு படைப்புகளை அவர் அமைத்தார். அதன்பின் மேடையை விட்டே விலகினார். பன்னிரண்டு ஆண்டுகள் வரை அவர் புதிதாக ஒன்றும் மேடையேற்றவில்லை. எழுதினார், சுவரொட்டிகள் வரைந்தார், பெண்ணுரிமை, மனித உரிமை இயக்கங்களிற் பணியாற்றினார். 1982இல் அவர்மேல் இராசத்துரோக வழக்குக்கூடத் தொடரப்பட்டுப் பின்னர் கைவிடப்பட்டது. 1984இல் பம்பாயில் கீழைத்தேய, மேலைத்தேய நடனக் கலைஞர் கூடிய ஒரு சந்திப்புக்கு அவர் அழைக்கப்பட்டார். அதுவே அவரை மீண்டும் நடனத்துக்கு அழைத்து வந்தது.

அடுத்த ஆண்டு, 1985இல், ‘அங்கிகா’ அரங்கேறியது. நால்வகை அபிநயங்களுள் உடலால் நிகழ்த்துவதை ஆங்கிகம் என்பர். பெயரே அவர் கருத்தைச் சொல்லிவிடுகிறது. பரதம் பயின்றவரும் களரிப்பயிற்றில் தேர்ந்தவரும் ஒரே மேடையில் தோன்றினர், யோகாசனங்களும் இடம்பெற்றன. ஆடை அணிகளின் பகட்டைக் குறைத்தார். நாயகன் நாயகி கதையை நீக்கினார். எஞ்சியது முழங்கால் மடித்துப் பாதங்களை விரித்து நிற்கும் அரைமண்டி. சலங்கை கட்டும் சிறுமிக்கு முதலிற் கற்பிக்கப்படும் அந்த நிலையையே அவர் தம் கலையின் நடுப்புள்ளியாகக் கொண்டார். களரி வீரனும் தாழ்ந்த நிலையில் மண்ணை ஊன்றியே நிற்கிறான் அல்லவா? நடனம், போர்க்கலை, யோகம் ஆகிய மூன்றும் ஒரே உடலறிவின் கிளைகள் என்பது சந்திரலேகாவின் துணிபு. வரலாற்று ஆசிரியர் இதற்குச் சான்று கேட்பர், கேட்கவும் வேண்டும். ஆனால் மேடையிலே அம்மூன்றையும் அருகருகே காணும்போது கண்ணுக்கு அது பொருந்தவே செய்கிறது.

1989இல் ‘லீலாவதி’ வந்தது. பன்னிரண்டாம் நூற்றாண்டிலே பாஸ்கராசாரியர் இயற்றிய கணித நூலை ஆடற்பொருளாக்குவார் உண்டோ? தேனீக்களும் தாமரைகளும் நிறைந்த அந்நூலின் கணக்குகள் அடவுகளாயின. 1991இல் வந்த ‘ஸ்ரீ’ பெண்ணின் முதுகெலும்பைப் பற்றியது என்றே சொல்லலாம். முதுகு வளைந்த பெண்கள் மேடையைக் கடந்து செல்கின்றனர்; முடிவில் பல கரங்கள் கொண்ட தேவியின் உருவம் நிமிர்ந்து எழுகிறது. 1952இல் தோன்றிய கேள்விக்கு விடை இங்கேதான் கிட்டியது என்று நான் கருதுகிறேன். இயக்கங்களில் நின்று அவர் கண்ட அடிமைத்தனத்தைச் சொல்ல இங்கே பாட்டில்லை, வசனமில்லை. வளைந்த முதுகு ஒன்றே போதுமாயிருந்தது.

பக்தி எங்கே, பதம் எங்கே என்று கேட்ட இரசிகர்கள் இருந்தனர். அவர்கள் கேள்வியை ஒதுக்குவதற்கில்லை. பாலசரசுவதி ஒரு பதத்துக்கு அபிநயிக்கையில் பெற்ற இன்பத்தை இந்தப் புதிய மேடையில் தேடினால் ஏமாற்றமே மிஞ்சும். சந்திரலேகாவும் பாலசரசுவதியைப் பெரிதும் போற்றியவரே. ஆயினும் அவ்வழி தம் வழியன்று என்பதை அவர் அறிந்திருந்தார்.

அவரது இறுதிப் படைப்பான ‘சரீர’ 2001இல் அமைந்தது. ஒரு பெண்ணும் ஓர் ஆணும் மட்டுமே மேடையில். குந்தேச்சா சகோதரர்களின் துருபத இசை பின்னணியில் ஒலிக்கிறது. பரதம் முன் பயிலாத திசானி தோசி என்னும் ஆங்கிலக் கவிஞரையே பெண்ணின் இடத்தில் அவர் நிறுத்தினார். பொறுமையற்றவர்க்கு எழுந்து போகத் தோன்றும் அளவுக்கு அதன் அசைவுகள் மெதுவானவை. 2006ஆம் ஆண்டு டிசம்பர் 30ஆந் திகதி சந்திரலேகா சென்னையிற் காலமானார். அவர் மறைந்த பின்னரும் திசானி தோசி பல ஆண்டுகள் அதனை ஆடிவந்தார்.