டைனமோவில் பாடிய கசெற்றுகள்

கனடாவிலிருந்து விடுமுறையில் வந்த என் இளைய சகோதரன், பழைய சப்பாத்துப் பெட்டியொன்றை மேசையில் வைத்தான். உள்ளே பதினேழு கசெற்றுகள். ஒன்றின் மேல் அம்மாவின் கையெழுத்தில் 'தம்பிக்கு' என்றிருந்தது. அதைப் போட்டுக் கேட்க வீட்டில் கருவி எதுவும் இருக்கவில்லை. முப்பது ஆண்டுகளாகப் பிறரது குரல்களைப் பதிந்து செய்தியாக்கியவனுக்கு நேர்ந்த கதி இது.

கசெற்றின் வரலாறு சுவையானது. காந்த ஒலிநாடாவுக்கு 1928இல் காப்புரிமை பெற்றவர் ஜேர்மனியரான ஃபிரிட்ஸ் ஃபிளோய்மர். பெரிய சுருள்களில் ஓடிய அந்த நாடாவைச் சட்டைப்பைக்குள் அடக்க வேண்டும் என்று விரும்பியவர், பிலிப்ஸ் நிறுவனத்தின் ஒல்லாந்துப் பொறியியலாளர் லூ ஒட்டன்ஸ். தமது மேற்சட்டைப் பைக்குள் நுழையும் அளவில் ஒரு மரக்கட்டையை வெட்டி, கருவி இந்த அளவிலேயே அமைய வேண்டும் என்றாராம். அம்மரக்கட்டை பின்னர் காரின் சில்லு மாற்றும்போது ஜக்கிக்கு முட்டுக்கொடுக்கப்பட்டுத் தொலைந்து போனதாக அவரே கூறியிருக்கிறார். 1963 ஆகஸ்டில் பேர்லின் வானொலிக் கண்காட்சியில் கசெற் அறிமுகமாயிற்று. நாடாவின் அகலம் 3.81 மில்லிமீற்றர், வேகம் செக்கனுக்கு 4.76 சென்ரிமீற்றர். ஒரு மணிநேரக் கசெற்றினுள் ஏறத்தாழ 86 மீற்றர் நாடா சுற்றப்பட்டிருக்கும். ஒட்டன்ஸ் 2021 மார்ச்சில் காலமானார்.

எமது ஊரில் கசெற்றுக்கு வேறொரு வாழ்வு கிடைத்தது. பாட்டுகளின் பட்டியலை எழுதிக் கொடுத்தால் பதிந்து தரும் 'ரெக்கோடிங் பார்'கள் யாழ்ப்பாணத்தில் இருந்தன. நாடா சிக்கினால் பென்சிலைச் செருகிச் சுற்றுவோம். பதிவைத் தடுக்க உடைத்த மூலைத் துவாரத்தைக் கடதாசியால் அடைத்து, மீண்டும் பதிவோம்.

1990 ஜூனில் மீண்டும் போர் மூண்டதுடன் மின்சாரம் நின்றது. பொருளாதாரத் தடையில் பற்றரியும் அடங்கியது. அப்போது கைகொடுத்தது துவிச்சக்கர வண்டியின் டைனமோ. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து மிதிகட்டையைக் கையால் சுற்றுவோம். டைனமோ தரும் ஆறு வோல்ற் ஆடலோட்ட மின்சாரத்தை டயோட்டுகள் நேரோட்டமாக்க, ரேப் ரெக்கோடர் பாடும். சுற்றுபவர் களைத்தால் பாடகரும் களைத்துவிடுவார்! காதற்பாடல் ஒப்பாரியாகும். கேட்டுக்கொண்டிருப்பவர்கள் பாடகரை விட்டுவிட்டுச் சுற்றுபவரைத் திட்டுவார்கள்.

அந்நாட்களில் கசெற் கடிதமாகவும் பயன்பட்டது. வெளிநாடு சென்ற பிள்ளைகளுக்குத் தாய்மார் பேசிப் பதிந்து, கிளாலிக் கடனீரேரியைக் கடந்து கொழும்புக்குப் போவோரின் கையில் கொடுத்தனுப்புவார்கள். எழுத்தில் மறைக்கக்கூடிய கவலையைக் குரலில் மறைக்க முடியாது என்பதை நாங்கள் அப்போதுதான் அறிந்தோம்.

நண்பர் ஒருவரின் பழைய கருவியை இரவல் வாங்கி, அதன் தலையைச் சேர்ஜிக்கல் ஸ்பிரிற்றால் துடைத்து, அம்மாவின் கசெற்றைப் போட்டோம். முதலில் இரைச்சல். பிறகு அம்மா, "தம்பி, நாங்கள் நல்ல சுகம்" என்றார். திடீரென்று அவரது குரல் சிறுமியின் குரலைப் போலக் கீச்சிட்டு விரைந்தது. சகோதரன் சிரித்தான். எனக்குக் காரணம் புரிந்தது. பதியும்போது மின்சாரம் குறைந்து நாடா மெதுவாக ஓடினால், பின்னர் சரியான வேகத்தில் கேட்கையில் குரல் இவ்வாறுதான் உயரும். பின்னணியில் சங்கிலி உராயும் ஓசையும் மெல்லக் கேட்டது. அன்று சைக்கிளைச் சுற்றிக் களைத்தவன் நான்தான்.

அம்மா இன்று இல்லை. அந்த அரைமணி நேரத்தைக் கணினியில் பதிந்து இருவரும் வைத்துக்கொண்டோம். மற்றைய பதினாறில் இரண்டு பூஞ்சணம் பிடித்து முற்றாகப் பழுதாகியிருந்தன. அவற்றில் யார் பேசினார்கள் என்பது இனித் தெரியவராது.

வாசகர்களே, உங்கள் அலுமாரிகளிலும் இவ்வாறான பெட்டிகள் இருக்கக்கூடும். அவற்றை இந்த ஆண்டே திறந்து பாருங்கள்.